ரினவேஷன் நடுவில் சிக்கிக்கொண்டதா? எந்தப் பிரச்சினைக்கு எங்கே பார்ப்பது

சாவி வாங்கிய நாளுக்கும் பால் காய்ச்சும் நாளுக்கும் நடுவில் எத்தனையோ குடும்பங்கள் தூக்கத்தைத் தொலைக்கின்றன. நான் இரண்டு முறை இந்த வழியாகப் போய் வந்திருக்கிறேன். இரண்டும் சிங்கப்பூரில்தான். முதலில் செங்காங்கில் எங்கள் பிடிஓ வீடு (முன்பதிவு செய்தவர்களுக்குக் கட்டித் தரும் புது அரசு வீடு), பிறகு அம்மாவுக்காக ஈசூனில் வாங்கிய பழைய நான்கறை வீடு. முதல் வீட்டில் கான்ட்ராக்டருக்கும் எங்களுக்கும் பேச்சே நின்றுபோனது. அதில் அவருடைய தப்பு பாதி என்றால் எங்களுடைய தப்பு பாதி, ஆனால் அது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. வெளியே தெரிகிற கோளாறு ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கிற காரணம் வேறாக இருக்கும். காரணம் தெரியாமல் கோபப்பட்டால் சரியாகக்கூடிய விஷயமும் கெட்டுப்போகும். அதனால்தான் கோளாறு வாரியாக எழுதுகிறேன், உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு கணக்கு. கொட்டேஷனை எடுத்து வைத்துக்கொண்டு, மொத்தத் தொகையில் இதுவரை எத்தனை விழுக்காடு கொடுத்திருக்கிறீர்கள், வீட்டில் எத்தனை விழுக்காட்டு வேலை முடிந்திருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கொடுத்த பணம் முடிந்த வேலையை விடக் குறைவு என்றால் நிதானமாகவும் உறுதியாகவும் பேசலாம். பணம் வேலையைத் தாண்டிப் போய்விட்டது என்றால் உறவை முறிக்காமல் வேலையை வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள், அதற்கேற்ற மாதிரிதான் பேச வேண்டும்.

ஒரு வாரமாக ஆட்கள் யாரும் வரவில்லை

அதிகம் பேர் பதறுவது இதற்குத்தான். பல சமயம் காரணம் சாதாரணமானது. ஸ்கிரீட், அதாவது தரையைச் சமப்படுத்தப் போடும் சிமெண்ட் பூச்சு, காய வேண்டும், குளியலறை வாட்டர்புரூஃபிங் காய வேண்டும், ஈரம் போகாத தரைமேல் வினைல் ஒட்டினால் பின்னால் உப்பிக்கொண்டு வரும். கார்பென்ட்ரிக்கு டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்கும் முடிந்த பிறகுதான் அளவெடுப்பார்கள், ஏனென்றால் சுவர் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அலமாரி உட்காராது. அளவெடுத்த பிறகு பலகை வெட்டுவதெல்லாம் தொழிற்சாலையில் நடக்கும், அது ஜோகூரில்கூட இருக்கலாம், அதனால் சில வாரங்களுக்கு வீடு வெறுமையாகக் கிடக்கும். வீடு அமைதியாக இருப்பதால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

ஆனால் உண்மையிலேயே நின்றுபோன வேலையும் உண்டு: உங்கள் ஆட்களை வேறு வீட்டுக்கு மாற்றியிருப்பார், அல்லது பொருள் வாங்கக் கையில் பணம் இல்லாமல் இருப்பார். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? "எப்போ வருவீங்க?" என்று கேட்காதீர்கள், "நாளைக்கு" என்று பதில் வரும், அந்த நாளை வரவே வராது. இப்படி எழுதிக் கேளுங்கள்: அடுத்து நடக்க வேண்டியது எந்த வேலை, அதைச் செய்யப்போவது யார், எந்தத் தேதியில், அது வரைக்கும் எதற்காகக் காத்திருக்கிறோம்? நேர்மையாக வேலை செய்கிறவர் நான்கு வரியில் பதில் தந்துவிடுவார். "கார்பென்ட்டர் 14ஆம் தேதி வருகிறார், பலகை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்கிறவரிடம் வெட்டிய பலகையின் படம் ஒன்று கேட்கலாம், அனுப்புவார். தேதியே சொல்லாமல் "கொஞ்சம் பிசி" என்பவரிடம்தான் பிரச்சினை. அவருக்கு அடுத்த தவணை போகக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு, பெர்மிட். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அனுமதி தேவைப்படும் வேலைக்கு, வீவகவின் பட்டியலில் இருக்கும் கான்ட்ராக்டர்தான் விண்ணப்பிக்க முடியும். பெர்மிட் தேதியிலிருந்து புது வீடாக இருந்தால் 3 மாதத்துக்குள், ஏற்கெனவே குடியிருந்த வீடாக இருந்தால் 1 மாதத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். பெர்மிட் எண்ணையும் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரத் தயங்கினால் விண்ணப்பமே போகாமல் இருக்கலாம்.

பில் கூடிக்கொண்டே போகிறது

இதைப் பற்றி நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது.

வேலைக்கு வருகிற தம்பிமார் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நாம் வீட்டைப் பார்க்கப் போவோம், ஊர் எது என்று விசாரிப்போம், டீயும் வடையும் வாங்கிக் கொடுப்போம், அதெல்லாம் நல்ல பழக்கம்தான், விடாதீர்கள். பிறகு பேச்சோடு பேச்சாக, "தம்பி, இந்தச் சுவர்ல இன்னொரு பாயிண்ட் போட்டுடுங்களேன்" என்போம். அவரும் நம் முகத்துக்காகப் போட்டுவிடுவார். கடைசியில் கான்ட்ராக்டரின் பில்லில் அது ஒரு வரியாக வந்து நிற்கும், நமக்கோ "அவர்தான் சும்மா செஞ்சு கொடுத்தாரே" என்று கோபம் வரும். எங்கள் செங்காங் வீட்டில் சாமி மேடையை நான்கு அங்குலம் உயர்த்தச் சொல்லி நான் கார்பென்ட்டரிடம் நேராகத் தமிழில் சொன்னேன். பலகை அதற்குள் வெட்டியாகிவிட்டது, மறுபடி வெட்ட 380 வெள்ளி. கான்ட்ராக்டருக்கு விஷயமே தெரியாது, அவர் கார்பென்ட்டரிடம் சத்தம் போட, கார்பென்ட்டர் என்னைப் பார்க்க, அன்றோடு அந்த வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தம்பி வாங்கிக்கொண்ட திட்டுக்கு நான்தான் காரணம், அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் ஆட்களோடு அன்பாகப் பேசுங்கள், வேலையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். மாற்றம் எல்லாம் கான்ட்ராக்டர் அல்லது ஐடி (உள்வடிவமைப்பாளர்) வழியாக மட்டும், விஓ என்று அவர்கள் சொல்கிற கூடுதல் வேலைச் சீட்டில் விலையோடு எழுதி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகு. வாட்ஸ்அப்பில் "இந்த மாற்றத்துக்கு இவ்வளவு வெள்ளி, முடிக்க இத்தனை நாள், சரியா?" என்று கேட்டு "சரி" என்று பதில் வந்தால்கூட ஓர் ஆதாரம்தான்.

சாமி மேடை வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடம் போடும்போதே சொல்லுங்கள்: எந்தத் திசை பார்க்க வேண்டும், விளக்குக்கு மேலே எவ்வளவு இடைவெளி வேண்டும், எண்ணெய் சிந்துகிற இடத்தில் லேமினேட் வேண்டுமா கல் வேண்டுமா, படங்களின் உயரம் எவ்வளவு. நம் வழக்கம் தெரியாத ஐடிக்கு அது வெறும் அலமாரி. தினமும் விளக்கெரிகிற இடம் என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

பில் கூடுவதற்கு மற்ற காரணங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கொட்டேஷனில் ஜிஎஸ்டி சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது 9 விழுக்காடு, 50,000 வெள்ளி வேலைக்கு அது மட்டும் 4,500 வெள்ளி. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த நிறுவனம்தான் அதை வசூலிக்கலாம், பதிவு உண்டா என்று வருமான வரி ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். குப்பை அகற்றல், தரைக்கு விரிக்கும் பாதுகாப்பு அட்டை, கடைசியாகக் கழுவித் தருவது ஆகியவை தனி வரிகளாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். அலமாரிக்கு "அடி கணக்கு" என்று போட்டிருந்தால் எத்தனை அடி என்று எழுதி வாங்குங்கள், அளவு எழுதாத வரிகள்தான் கடைசியில் வளர்கின்றன.

"ஞாயிற்றுக்கிழமை நானே வந்து செஞ்சு தர்றேன்" என்று ஒரு தம்பி சொல்கிறார்

வேண்டாம். மனசு இளகும், காசும் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவர் தன் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, செய்தால் அவருக்கும் குற்றம், வேலை வாங்கிய உங்களுக்கும் குற்றம். பிடிபட்டால் அவருடைய பெர்மிட் போகும், ஊரில் அவர் கடன் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீவக வீட்டில் ரினவேஷன் வேலையே செய்யக் கூடாது என்பது வேறு. அவர் நல்லா இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால் மறுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டார் புகார் செய்கிறார்கள்

பொதுவான வேலை திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை. உடைப்பது, டைல்ஸ் வெட்டுவது, சுவரைத் துளைப்பது மாதிரி சத்தம் வருகிற வேலை என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும், காலை 9 முதல் மாலை 5 வரை. பொது விடுமுறையில் எதுவும் கிடையாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகியவற்றுக்கு முந்தின நாளிலும் சத்த வேலை கூடாது. சனிக்கிழமை டிரில் சத்தம் கேட்டால் அது உங்கள் கான்ட்ராக்டரின் தவறு, "ஓனர் அவசரப்படுத்தினார்" என்று அவர் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள வீடுகளுக்கு நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கதவில் ஒட்டுகிற அறிவிப்பு வேறு, நேரில் போய் நின்று "இந்த வாரம் உடைப்பு இருக்கும், குழந்தை தூங்குகிற நேரம் எது?" என்று கேட்பது வேறு. ஈசூனில் கீழ்வீட்டு மாக்சிக்கிடம் (மலாய் அம்மா) முதலிலேயே போய்ச் சொன்னேன், பிறகு குளியலறையில் தண்ணீர் தேக்கிச் சோதித்தபோது தன் கூரையைப் பார்க்க எங்களை உள்ளே விட்டவர் அவர்தான். கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடியில், இருப்பவர்களுக்கு நிர்வாகக் குழுவின் நேரமும் டெபாசிட்டும் தனி, அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தவணையைச் சீக்கிரம் கேட்கிறார்

எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அதைக் காட்டுங்கள். என் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது 10, வேலை தொடங்கும்போது 40, கார்பென்ட்ரி அளவெடுக்கும்போது 45, சாவி திருப்பித் தரும்போது 5 விழுக்காடு. கார்பென்ட்ரி அளவெடுக்கிற அன்றைக்கே 95 விழுக்காடு கையை விட்டுப் போய்விடுகிறது, வீட்டில் ஓர் அலமாரிகூட வந்திருக்காது. கையெழுத்துப் போட்டபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டாவது வீட்டில் பேசி மாற்றினேன்: கார்பென்ட்ரிக்கு அளவெடுக்கும்போது ஒரு பங்கு, வந்து பொருத்திய பிறகு ஒரு பங்கு, கடைசியில் 10 விழுக்காடு. அவர் ஒத்துக்கொண்டார். பேசினால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும், அவ்வளவுதான்.

பணம் எப்போதும் நிறுவனத்தின் பதிவு எண்ணுக்கே போக வேண்டும், பேநவ் வழியாகக் கைப்பேசியில் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் ஒப்பந்தத்தில் உள்ள பெயரா என்று பாருங்கள். "என் சொந்த நம்பருக்கு அனுப்புங்க, ஜிஎஸ்டி இல்லாமல் பார்த்துக்கலாம்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பின்னால் தகராறு வந்தால் நிறுவனம் அந்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கட்டம் முடிந்திருந்தால் சொன்ன நாளில் பணம் கொடுங்கள். சிறிய கான்ட்ராக்டர்கள் உங்கள் தவணையில்தான் டைல்ஸ் கடைக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுக்கிறார்கள். ஒரு கைப்பிடி கோணலாக இருக்கிறது என்று 15,000 வெள்ளியை நிறுத்தி வைத்தால் உங்கள் வேலைக்கு வருகிற ஆட்களே நின்றுபோவார்கள். குறை எவ்வளவோ அவ்வளவு மட்டும் பிடித்துக்கொண்டு, காரணத்தை எழுதி அனுப்பி, மிச்சத்தைக் கொடுப்பது நியாயம்.

வேலை முடிந்தது, ஆனால் சரியில்லை

"நல்லா இல்ல" என்று சொன்னால் யாராலும் சரிசெய்ய முடியாது. அளந்து சொல்லுங்கள். தரையை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும், அந்த டைல்ஸ்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், மூலையில் தேங்கி நின்றால் சரிவு தவறு. தரையை உடைத்துப் புதுசாகப் போட்டிருந்தால், வடிகால் வாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும், அதுவும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டியிருக்கும். புது பிடிஓ வீட்டில் முதல் 3 வருடம் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை மாற்றவே அனுமதியில்லை, "யாருக்கும் தெரியாது, உடைச்சிடலாம்" என்கிற ஆளை நம்பாதீர்கள்.

பிடிஓ வாங்கியவர்களுக்கு இன்னொன்று. முதல் ஒரு வருடத்துக்கு வீவக கட்டுமானக் குறைகளைச் சரிசெய்து தரும். ரினவேஷன் தொடங்கும் முன்பே சுற்றிப் பார்த்துப் பட்டியல் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். நாங்கள் அவசரத்தில் இதைத் தவறவிட்டோம். சுவரில் விரிசல் தெரிந்தபோது கட்டியவர் கான்ட்ராக்டரைக் கை காட்டினார், கான்ட்ராக்டர் கட்டியவரைக் கை காட்டினார்.

குறைகளை ஒரே பட்டியலாக, அறைவாரியாக, படத்தோடு, ஒரே தடவையில் அனுப்புங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாக அனுப்பினால் நாற்பது செய்திக்குள் முக்கியமான நான்கு காணாமல் போய்விடும். தேதி குறித்து எல்லாரும் நேரில் நின்று பார்த்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எப்போது சரியாகும் என்று எழுதி முடியுங்கள்.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம்

இது கான்ட்ராக்டரின் கோளாறு இல்லை, ஆனால் அவர் காணாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். கணவர் காலையில் சாம்பல் நிறம் என்பார், மனைவி மதியம் வெள்ளை என்பார், மாமியார் சனிக்கிழமை வந்து அடுப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஆரம்பிப்பார். மூன்று பேருக்கும் தலையாட்டிய கான்ட்ராக்டர் நான்காவது நாள் போனை எடுக்க மாட்டார். பெரியவர்களின் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டிய இடம் வரைபட நாள்தான். அன்றைக்கு அத்தையையும் அம்மாவையும் உட்கார வைத்து எல்லாம் கேட்டு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கான்ட்ராக்டரிடம் பேசுவது வீட்டில் ஒரே ஆள். ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கட்டும், தொலைபேசியில் பேசியதைக்கூட "இன்று பேசியபடி..." என்று அங்கே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

தீபாவளிக்கு முன்னால் குடியேற வேண்டும் என்றால் அதை ஒப்பந்தத்தில் தேதியாக எழுதுங்கள். "தீபாவளிக்குள்ள முடிச்சிடுங்க" என்று வாயால் சொல்வது அவர் காதில் வெறும் ஆசையாகத்தான் விழும். பால் காய்ச்ச நாள் குறிக்கிறவர்கள், ஒப்பந்தத்தில் உள்ள முடிவுத் தேதிக்கும் நல்ல நாளுக்கும் நடுவில் மூன்று வாரமாவது விட்டுக் குறியுங்கள்.

ஆளே காணோம்

போன் எடுப்பதில்லை, பணம் வேலையைத் தாண்டிப் போயிருக்கிறது. முதல் வேலையாக வீட்டை மூலை முடுக்கெல்லாம் தேதியோடு படமெடுங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பதிவு செய்த முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரு கடிதம்: என்ன வேலை பாக்கி, எவ்வளவு கொடுத்தாயிற்று, எந்தத் தேதிக்குள் வந்து தொடர வேண்டும், வராவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்து அந்தச் செலவைக் கேட்பேன் என்று. இந்தக் கடிதம் இல்லாமல் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள், "நீங்கதான் என்னை நிறுத்தினீங்க" என்று அவர் சொல்லக்கூடும்.

அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது, சமரசம் பேசும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு தரப்பும் எழுதி ஒத்துக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இணையத்திலேயே செய்யலாம், வழக்கறிஞர் வர முடியாது, நீங்களே பேசுவீர்கள். பேசத் தயக்கம் வேண்டாம், கொட்டேஷன், ரசீது, படங்கள், வாட்ஸ்அப் அச்சு ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் மூடிப்போன நிறுவனத்திடமிருந்து பணத்தை வாங்குவது கஷ்டம், அதையும் தெரிந்துகொண்டே போங்கள். உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ள பணத் தகராறில் வீவக தலையிடாது, அது தனியார் ஒப்பந்தம்.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள், கேஸ் சங்கம் தருகிற கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள நிறுவனங்களைப் பாருங்கள். வேலை நடுவில் நிறுவனம் மூடிப்போனால் நீங்கள் கொடுத்த முன்பணத்துக்கு அங்கே பாதுகாப்பு உண்டு. விலை கொஞ்சம் கூட இருக்கலாம், என்னைக் கேட்டால் அந்தக் கூடுதல் தொகை தகும்.

குடியேறிச் சில மாதத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்

உடனே கான்ட்ராக்டருக்கு எழுதுங்கள், வாரண்டி எத்தனை மாதம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வீவக வீட்டில் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் சேர்ந்து பழுது பார்க்கும் பொறுப்பு உண்டு. தகுதி இருந்தால் வீவகவின் உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மிச்சப் பாதியை இரண்டு வீடும் பகிரும். கீழ்வீட்டார் கதவைத் தட்டும்போது எரிச்சல் காட்டாதீர்கள், ஈரத்தில் இருப்பது அவர்கள் வீடு.

எல்லாம் முடிந்தது, கடைசித் தவணை கொடுக்கும் நாள்

பெர்மிட் நகல், வாரண்டி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரின் பெயர், உள்ளே போகிற ஒயரிங்கும் குழாயும் தெரிகிற படங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் எண்ணையும் லேமினேட் எண்ணையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மிச்சமான டைல்ஸைக் குப்பையோடு போகவிடாமல் ஒரு பெட்டி கேட்டு வாங்கி ஸ்டோரில் வையுங்கள், ஐந்து வருடம் கழித்து ஒரே ஒரு டைல் உடைந்தால் கடையில் அதே நிறம் கிடைக்காது.